கொம்பு ஊதியவர்களின் கதை

"பிரெஞ்சு ஹோர்ண்" என்ற வாத்தியத்தைத் தமிழில் எவ்வாறு அழைப்பது என்று கேட்டு, வவுனியாவிலிருந்து நேயர் ஒருவர் வானொலிக்கு அஞ்சலட்டை எழுதியிருந்தார். இத்தொடரில் மொஸார்ட்டைப் பற்றிய உரையின்போது அச்சொல் ஒரு தடவை வந்துபோயிற்று. அதைக் கேட்டுவிட்டு எழுதியிருக்கிறார். அஞ்சலட்டையில் அடங்கிவிடும் கேள்விதான். பதில் ஓர் உரையளவுக்கு நீண்டுவிட்டது.

கொம்பு என்ற சொல் நம்மிடம் பல வேலைகளைச் செய்கிறது. மாட்டின் தலையில் இருப்பது கொம்பு. மரத்தின் கிளையும் கொம்பு. யானையின் தந்தமும் கொம்புதான். எழுத்துக்கு முன்னால் போடும் குறிக்கும் ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு என்று பெயர். தலைக்கனம் பிடித்தவரைப் பார்த்து "அவருக்கு மட்டும் கொம்பு முளைத்திருக்கிறதோ" என்று கேட்கிறோம். கோயில் வாசலில் வளைந்த பித்தளைக் குழலை மேலே தூக்கி ஊதுகிறார்களே, அதுவும் கொம்பு. சங்க நூல்களில் வரும் "வயிர்" என்பதை ஊதுகொம்பு என்றே உரைகாரர் கூறுவர். முதலில் விலங்கின் கொம்பைத் துளைத்து ஊதினார்கள். பின்னர் அதே வளைவில் உலோகத்தை வார்த்தார்கள். பொருள் மாறியபின்னும் பெயர் ஒட்டிக்கொண்டது.

ஐரோப்பாவிலும் இதுவே நடந்தது. ஆங்கிலத்தின் ஹோர்ண், இலத்தீனின் கோர்னு, வடமொழியின் சிருங்கம் ஆகிய மூன்றும் ஒரே வேரில் முளைத்தவை என்பது மொழியியலார் முடிவு. அங்கும் யானைத் தந்தத்தில் கொம்பு செய்தார்கள். பழைய பிரெஞ்சு வீரகாவியத்தில் ரோலண்ட் ஊதும் கொம்பின் பெயர் "ஒலிபாண்ட்"; அது யானை என்ற சொல்லேதான். யானைக் கொம்பைக் கொம்பென்றே அழைத்துப் பழகிய நமக்கு இது வியப்பாக இராது.

நேயர் கேட்ட வாத்தியம் இவற்றுக்கெல்லாம் மிகவும் பிந்தியது. 17ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், பதினான்காம் லூயி மன்னர் காலத்துப் பிரான்சில், வேட்டைக்குப் போகிறவர்கள் நீண்ட பித்தளைக் குழலை வட்டமாகச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு குதிரையில் சென்றார்கள். மான் எந்தப் பக்கம் ஓடுகிறது, நாய்கள் எங்கே நிற்கின்றன, வேட்டை முடிந்ததா என்பதையெல்லாம் ஊதித் தெரிவித்தார்கள். காட்டுக்குள் இருக்கும் ஒருவர் மற்றவருக்கு அனுப்பும் தந்திபோல அது இருந்தது.

1680களின் தொடக்கத்தில் பொஹீமியாவைச் சேர்ந்த ஸ்போர்க் என்ற இளம் பிரபு பாரிசுக்குப் போனார். பொஹீமியா என்பது இன்றைய செக் நாட்டின் மேற்குப் பகுதி. இந்த வேட்டைக் கொம்பின் ஒலி அவரை மயக்கிவிட்டது. பிரபு என்பதால் தாமே கற்கவில்லை. தம்முடன் வந்த பணியாளர் இருவரை அங்கே நிறுத்திக் கற்கச் செய்தார். வென்சல் ஸ்வேடா, பீட்டர் றோலிக் என்பன அவர்களின் பெயர்கள். அவ்விருவரும் ஊர் திரும்பி மற்றவர்களுக்குக் கற்பித்தார்கள். ஒரு நூற்றாண்டுக்குள் ஐரோப்பாவின் சிறந்த கொம்புக் கலைஞர்களில் மிகப் பெரும்பாலோர் பொஹீமியர் ஆகிவிட்டனர். பிரபுவின் பெயர் எல்லா வரலாற்று நூல்களிலும் இருக்கிறது. பணியாளர் இருவருடைய பெயரும் தப்பிப் பிழைத்ததே பெரிய காரியம்.

பெயர் விடயம் இங்கேதான் சிக்கலாகிறது. வளையமாகச் சுருட்டிய கொம்பு பிரான்சிலிருந்து வந்ததால், தங்கள் பழைய கொம்பிலிருந்து பிரித்துக் காட்ட ஆங்கிலேயர் அதற்குப் பிரெஞ்சு ஹோர்ண் என்று பெயரிட்டனர். பிரெஞ்சுக்காரர் அதைப் பிரெஞ்சு என்று சொல்வதில்லை. "கோர்" என்பதோடு நிறுத்திக்கொள்வர். ஜேர்மனியர் "வால்ட்ஹோர்ண்" என்றனர். காட்டுக் கொம்பு என்பது பொருள். செக் மக்கள் அந்தப் பொருளைத் தங்கள் மொழிக்குக் கொண்டுவந்து "லெஸ்னி றோ" என்றார்கள். அதுவும் காட்டுக் கொம்புதான். ரஷ்யர்களோ பொருளை விட்டுவிட்டு ஒலியை மட்டும் பிடித்துக்கொண்டு "வல்தோர்னா" என்கிறார்கள். அச்சொல்லில் காடும் இல்லை, கொம்பும் இல்லை. ஸ்பானியர் "துரோம்பா" என்பதைக் கேட்டு எக்காளம் என்று மயங்குகிறவர்கள் உண்டு. இவை போதாவென்று "இங்கிலிஷ் ஹோர்ண்" என்றும் ஒரு வாத்தியம் இருக்கிறது. அது இங்கிலாந்தில் பிறந்ததுமல்ல, கொம்புமல்ல. நமது நாகஸ்வரத்தைப் போலச் சீவாளி வைத்து ஊதும் மரக்குழல். அமெரிக்க ஜாஸ் கலைஞர்கள் பேசும்போது சாக்ஸபோன் உட்பட வாயால் ஊதும் எதுவும் ஹோர்ண்தான்.

கொம்புக் கலைஞர்களே இந்தக் குழப்பத்தைப் பொறுக்காமல் ஒரு முடிவுக்கு வந்தார்கள். 1970இல் அமைக்கப்பட்ட சர்வதேசக் கொம்புக் கலைஞர் சங்கம், அடுத்த ஆண்டே, ஆங்கிலத்தில் இதை வெறுமனே "ஹோர்ண்" என்று அழைத்தால் போதும் என்று பரிந்துரைத்தது. ஆனாலும் பொதுமக்கள் வாயில் "பிரெஞ்சு" இன்னமும் போகவில்லை. மொழிபெயர்ப்பு என்று வந்தால் என் வாக்கு செக் மக்களுக்கே. "பிரெஞ்சுக் கொம்பு" என்று நாம் எழுதினால் ஆங்கிலேயரின் பெயரைத் தமிழில் சுமக்கிறோம். "வனக்கொம்பு" என்றால் அந்த வாத்தியத்தின் பிறப்பிடமும் அதன் குரலும் சொல்லிலேயே வந்துவிடும். தனியாக நிற்கும் இடத்தில் கொம்பு என்றாலே போதும். வவுனியா நேயருக்கான பதில் இவ்வளவுதான். மீதி நேரத்தை இதை ஊதியவர்களுக்குக் கொடுக்க விரும்புகிறேன்.

18ஆம் நூற்றாண்டில் கொம்பு ஊதுவது பெரும்பாலும் ஏவலாளின் வேலை. சமையற்காரனுக்கோ குதிரைக்காரனுக்கோ கொம்பும் தெரிந்திருந்தால் பிரபு வீட்டில் வேலை எளிதாகக் கிடைத்தது. இங்கிலாந்திலும் அமெரிக்கக் குடியேற்றங்களிலும் செல்வர்கள் கறுப்பின அடிமைகளுக்கு அலங்கார உடை உடுத்திக் கொம்பு ஊதச் செய்தனர். தப்பியோடிய அடிமையைப் பிடித்துத் தருமாறு பத்திரிகைகளில் வெளியான விளம்பரங்களில் உயரம், நிறம், தழும்பு ஆகியவற்றோடு, பிரெஞ்சு ஹோர்ண் நன்றாக ஊதுவான் என்பதும் அடையாளமாகக் குறிக்கப்பட்டது. கற்ற வித்தையே ஆளைக் காட்டிக்கொடுக்கும் நிலை.

ரஷ்யாவில் இது இன்னும் விபரீதமான எல்லைக்குப் போயிற்று. 1751இல் நரிஷ்கின் என்ற பிரபுவின் பணியில் இருந்த மாரெஷ் என்னும் பொஹீமியக் கொம்புக் கலைஞர் ஒரு புதுமையான குழுவை அமைத்தார். அதில் ஒவ்வொரு கொம்பும் ஒரேயொரு சுரத்தை மட்டும் ஒலிக்கும். ஒவ்வொரு பண்ணையடிமைக்கும் ஒரு கொம்பு, ஒரு சுரம். தனது முறை வரும்வரை எண்ணிக்கொண்டே நின்று, வந்ததும் ஊதிவிட்டு மறுபடி எண்ணத் தொடங்கவேண்டும். பல டசின் ஆட்கள் சேர்ந்து நின்றால் ஒரு பாட்டு. ஹார்மோனியத்தின் கட்டைகளுக்குப் பதிலாக மனிதர்களை வரிசையாக நிறுத்தியதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். தொலைவிலிருந்து கேட்டால் பெரிய ஓர்கன் வாத்தியம் போல இனிமையாக இருந்ததாகக் கேட்டவர்கள் வியந்து எழுதினார்கள். இக்குழுவைச் சேர்ந்த ஒருவனை வழியில் மறித்து நீ யார் என்று காவலர் கேட்க, "நான் இன்ன பிரபுவின் இன்ன சுரம்" என்று அவன் பதில் சொன்னதாகக் கதையொன்று வழங்குகிறது. கதை உண்மையோ பொய்யோ, அப்படியொரு கதை பிறப்பதற்கான நிலைமை உண்மையானது. ரஷ்யாவில் பண்ணையடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1861இல்.

இந்தப் பின்னணியில்தான் ஜியோவன்னி புன்ட்டோவின் கதையைப் பார்க்கவேண்டும்.

அவருடைய இயற்பெயர் யான் வாட்ஸ்லாவ் ஸ்டிக். 1746இல் பொஹீமியாவின் ஷெஹுஷிட்ஸே என்ற ஊரில், துன் என்னும் பிரபுவின் பண்ணையில் அடிமைக் குடியானவர் வீட்டில் பிறந்தவர். பையனின் திறமையைக் கண்ட பிரபு, அவனைப் பிராக், மியூனிக், டிறெஸ்டன் ஆகிய நகரங்களுக்கு அனுப்பிக் கொம்பு கற்கச் செய்தார். டிறெஸ்டனில் அவனுக்கு வாய்த்த ஆசான் ஹம்பெல். அக்காலத்துக் கொம்பில் வால்வும் இல்லை, துளைகளும் இல்லை. உதட்டின் இறுக்கத்தால் கிடைக்கும் இயற்கைச் சுரங்கள் மட்டுமே. கீழ் ஸ்தாயியில் அவற்றுக்கிடையே பெரிய இடைவெளிகள். கொம்பின் அகன்ற வாய்க்குள் வலக்கையை விட்டு, மூடியும் திறந்தும் அந்த இடைவெளிகளை நிரப்பும் வித்தையை 1750 அளவில் முறையாக வளர்த்தவர் ஹம்பெல். அந்த வித்தையுடன் ஸ்டிக் பண்ணைக்குத் திரும்பினார்.

பிரபு செலவழித்தது தமது வீட்டுக் கச்சேரிக்காக. சில ஆண்டுகள் ஊதியபின், இருபது வயதைக் கடந்த நிலையில், நண்பர்கள் சிலருடன் ஸ்டிக் இரவோடிரவாக ஓடிவிட்டார். பிரபு ஆட்களை அனுப்பினார். பிடித்து வரவேண்டும், பிடிக்க முடியாவிட்டால் முன்பற்களையாவது உடைத்துவிட்டு வரவேண்டும் என்பது கட்டளை. முன்பல் போனால் கொம்புக்காரனின் உதட்டுக்குத் தாங்கல் இல்லை. உயிர் போகாது, வாத்தியம் போய்விடும். தன் உடைமையைத் தான் வைத்திருக்க முடியாதென்றால் வேறெவருக்கும் அது பயன்படக்கூடாது என்ற அந்தக் கணக்கை அந்தப் பிரபு மட்டுமா போட்டார்?

ஆட்கள் அவரைப் பிடிக்கவில்லை. எல்லையைத் தாண்டியதும் அவர் செய்த முதல் வேலை பெயரை மாற்றியது. ஜேர்மன் மொழியில் ஸ்டிக் என்றால் குத்து, தையல் என்று பொருள். அதையே இத்தாலிய மொழியில் "புன்ட்டோ" ஆக்கினார். யான் ஜியோவன்னி ஆனார். பெயரை எறிந்துவிடாமல் மொழிபெயர்த்து வைத்துக்கொண்டார் என்பது என் கவனத்தை ஈர்க்கிறது. இத்தாலியப் பெயருக்கு அன்றைய இசையுலகில் மதிப்பு அதிகம் என்பது ஒரு காரணம். ஒளிந்து வாழ்பவனுக்குத் தன் பழைய பெயர் காதில் விழவேண்டும் என்ற ஆசையும் இருந்திருக்குமோ என்று நான் நினைப்பதுண்டு; அதற்குச் சான்று கேட்டால் என்னிடம் இல்லை. வேறு நாடுகளில் வேறு பெயர்களுடன் வாழ நேர்ந்தவர்கள் நம்மவரிடையேயும் உண்டு. அவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும்.

அதன்பின் அவருடைய வாழ்க்கை முழுவதும் பயணம். ஜேர்மன் அரசவைகள், பாரிஸ், லண்டன் என்று சுற்றினார். 1778இல் பாரிசில் அவர் ஊதியதைக் கேட்ட மொஸார்ட் தந்தைக்கு எழுதிய கடிதத்தில் வாயாரப் புகழ்ந்தார். அவரையும் சேர்த்து நால்வருக்காக ஓர் இசைக்கோவையும் எழுதினார். பாரிசின் புகழ்பெற்ற றவூ கொல்லர்கள் புன்ட்டோவுக்கு வெள்ளியில் கொம்பு செய்து கொடுத்தனர். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் பாரிசில் வயலினைக் கையில் எடுத்துக்கொண்டு நாடக அரங்கின் இசைக்குழுவை நடத்திப் பிழைத்தார்.

1800ஆம் ஆண்டு ஏப்ரில் 18ஆம் திகதி வியன்னாவில் அவருக்குக் கச்சேரி. அதற்கென ஒரு சொனாட்டாவை எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்த 29 வயது இளைஞர், கச்சேரிக்கு முதல் நாள்தான் எழுதத் தொடங்கினார் என்று அவரது மாணவர் றீஸ் கூறியிருக்கிறார். இளைஞரே பியானோ வாசித்தார். கேட்டவர்கள் விடாமல் கைதட்டி முழுவதையும் இரண்டாம் முறை வாசிக்க வைத்தார்கள். அடுத்த மாதம் இருவரும் ஹங்கேரியின் பெஸ்ட் நகரில் வாசித்தபோது, புன்ட்டோவை நன்கறிந்த உள்ளூர்ப் பத்திரிகை, கூட வந்திருக்கும் இந்த பீத்தோவன் யார், கேள்விப்பட்ட பெயராக இல்லையே என்று எழுதிற்று.

1801இல் புன்ட்டோ பிராக் நகருக்குத் திரும்பிக் கச்சேரி செய்தார். ஓடிப்போய் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. 1803 பெப்ரவரியில் அங்கேயே காலமானார். இறுதி நிகழ்வில் பெருந்திரளான மக்கள் கூடினர். மொஸார்ட்டின் இரங்கற் பாடல் இசைக்கப்பட்டது. கல்லறைக்கு எழுதிய இலத்தீன் ஈரடியில், புன்ட்டோ என்ற பெயரையும் புள்ளி என்ற இலத்தீன் சொல்லையும் வைத்துச் சிலேடை செய்து, உயிரோடு இருந்தபோது மெச்சிய பொஹீமியக் கலைமகள் இப்போது அழுகிறாள் என்று முடித்திருந்தனர். ஓடியவனைத் தன்னவன் என்று மண் ஏற்றுக்கொண்டது. ஆனால் கல்லில் பொறித்தது ஓடிப்போனபின் வைத்துக்கொண்ட பெயரைத்தான்.

மொஸார்ட்டின் பெயர் வந்ததால் லொய்ட்கெப் என்பவரையும் சொல்லவேண்டும். மொஸார்ட் குழந்தையாயிருந்த காலம் முதல் குடும்ப நண்பர், கொம்புக் கலைஞர். அவர் வியன்னாவில் பாற்கட்டிக் கடை வைத்திருந்தவர் என்று இசைத்தட்டு உறைகளில் எழுதி எழுதியே அது நிலைத்துவிட்டது. வியன்னா ஆவணங்களைக் கிளறியவர்கள், கடைத் தொழில் மாமனாருடையது என்கிறார்கள். மொஸார்ட் தமது கொம்புக் கச்சேரிக் கோவைகளை இவருக்காகவே எழுதினார். எழுதும்போது கேலி செய்வதையும் விடவில்லை. 1783இல் எழுதிய ஒன்றின் தலைப்பில், கழுதையும் எருதும் மூடனுமான இவர்மேல் இரங்கி எழுதுவதாகக் குறித்தார். 1786இல் எழுதியதைச் சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு என நான்கு மைகளில் எழுதிக் கொடுத்தார். கடைசியாக ஒன்றைத் தொடங்கி, அதன் இறுதிப் பகுதியில் சுரங்களுக்கு மேலே இத்தாலிய மொழியில் வசையும் கிண்டலுமாக நிரப்பினார். அது முடிவதற்குள் 1791இல் மொஸார்ட் இறந்துவிட்டார்.

இந்த வசைகளைப் படித்து லொய்ட்கெப்பை அசடர் என்று முடிவு கட்டியவர்கள், சுரங்களைப் படிக்கவில்லை. அந்தக் கடைசிக் கோவையில் மிக உயர்ந்த சுரங்களை மொஸார்ட் தவிர்த்திருக்கிறார். கையால் மூடி ஊதும் கடினமான கீழ்ச் சுரங்களையும் குறைத்திருக்கிறார். லொய்ட்கெப்புக்கு அப்போது வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. வாயில் கழுதை என்று திட்டிக்கொண்டே, கிழவரின் உதட்டுக்கு ஏற்றதாகப் பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறார். இப்படிப்பட்ட நட்பு நம் ஊர்த் திண்ணைகளிலும் உண்டு.

இனி கருவியைப் பற்றிச் சிறிது. வால்வு இல்லாத காலத்தில் சுருதியை மாற்றவேண்டுமானால் குழலின் நீளத்தை மாற்றவேண்டும். அதற்காகப் பல அளவுகளில் வளைந்த துண்டுக் குழல்களை ஒரு பெட்டியில் போட்டுக் கொம்புக்காரர் சுமந்து திரிந்தார். எந்தத் துண்டைச் செருகினாலும் அவருக்கு முன்னாலுள்ள தாளில் ஆதார சுரம் ஒரே இடத்தில்தான் எழுதப்பட்டிருக்கும். மேலைத்தேய இசை பயில்வோருக்கு இது பெருந் தலைவலி. நமக்கு அப்படியல்ல. சுருதி ஒன்றானாலென்ன ஐந்தானாலென்ன, சட்ஜம் சட்ஜம்தானே. அந்தக் கொம்புக்காரர் அறியாமலே நம்முடைய முறையில் யோசித்துக்கொண்டிருந்தார் எனலாம்.

தலைவலி மொழியால் இரட்டிப்பாகும். ஆங்கிலேயர் "பி பிளாட்" என்பதை ஜேர்மனியர் "பே", அதாவது வெறும் "பி" என்பர். ஆங்கிலேயரின் "பி" அவர்களுக்கு "ஹா", அதாவது "எச்". இடைக்காலத்தில் சதுரமாக எழுதிய பி என்ற எழுத்து எச் போலத் தோன்றியதால் வந்த வினை இது. இதனாலேதான் பாஹ் என்ற இசைமேதை தம் பெயரின் நான்கு எழுத்துகளையும் சுரங்களாகவே எழுத முடிந்தது. ஆங்கிலேயராகப் பிறந்திருந்தால் முடிந்திராது. "பி கொம்பு" என்று எழுதிய தாளைப் பார்த்ததும், எழுதியவர் எந்த நாட்டவர் என்று முதலில் கேட்டறிய வேண்டும். மூடி ஊது, வாயை மேலே தூக்கு, பித்தளை நாதம் வரட்டும் என்றெல்லாம் வரும் கட்டளைகள் இத்தாலியத்திலோ ஜேர்மனிலோ பிரெஞ்சிலோ இருக்கும். இலக்கணம் தெரியாமலே மூன்று மொழிகளில் ஏவலை ஏற்றுக்கொள்பவர் கொம்புக்காரர்.

1814இல் ஸ்டோல்ஸெல் என்ற கொம்புக்காரர் வால்வு பொருத்திய கொம்புடன் பிரஷ்ய மன்னரின் ஆதரவை நாடினார். 1818இல் அவரும் புளூமெல் என்பவரும் கூட்டாக உரிமம் பெற்றனர். விரலால் அழுத்தினால் குழலின் நீளம் மாறும். துண்டுகளும் வேண்டாம், கைவித்தையும் வேண்டாம். எல்லாரும் ஓடிவந்து ஏற்றிருப்பர் என்று நினைப்போம். அப்படி நடக்கவில்லை. கையால் மூடித் திறக்கும்போது ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு நிறம் இருந்ததே, அது போய்விட்டது என்று கலைஞர்கள் வருந்தினர். கடினமான கொம்புப் பகுதிகளை எழுதிய வாக்னரே, வால்வினால் நாதத்தின் அழகு குறைந்ததைத் தமது "ட்றிஸ்டன்" இசைநாடக ஏட்டின் முன்குறிப்பில் ஒப்புக்கொண்டுதான் அதைப் பாவித்தார். பிராம்ஸின் தந்தை கொம்பும் ஊதியவர். 1865இல், தாய் இறந்த ஆண்டில், பிராம்ஸ் எழுதிய மூவர் இசைக்கோவைக்கு வால்வில்லாத காட்டுக் கொம்பையே கேட்டார். வால்வு வந்து அப்போது அரை நூற்றாண்டு. வியன்னாப் பில்ஹார்மோனிக் குழுவினர் 1830இல் உரிமம் பெற்ற பழைய வகை வால்வுள்ள கொம்பையே இன்றும் விடாமல் ஊதுகின்றனர். ஒரு நாதத்தைக் காப்பாற்றுவதற்காக வசதியை மறுப்பது எனக்குப் பிடிவாதமாகத் தோன்றவில்லை.

கொழும்பில் வாத்தியக் குழுவொன்றில் பல ஆண்டுகள் கொம்பு ஊதிய நண்பர் ஒருவர் எனக்கிருந்தார். மட்டக்களப்புப் பறங்கியர்; அழகாகத் தமிழ் கதைப்பார். ஒத்திகையின் நடுவே கொம்பைத் திருப்பித் திருப்பித் தண்ணீரை ஊற்றுவதைக் கண்டு நான் முகம் சுளித்தபோது, "தம்பி, இது எச்சில் இல்லை, மூச்சு. குளிர்ந்த பித்தளையில் பட்டுத் தண்ணீராகுது. பன்னிரண்டடிக் குழாய், எங்கே போய் நிற்குதென்று எனக்கே தெரியாது" என்றார். நாகஸ்வரக்காரர் சீவாளிகளையும் தந்தக் குச்சியையும் கயிற்றில் தொங்கவிட்டிருப்பதுபோல, இவர் சட்டைப்பையில் இரண்டு மூன்று ஊதுவாய்களை எப்போதும் வைத்திருப்பார். விளிம்பின் அகலம் நூலளவு மாறினாலும் உதடு ஏற்காதாம். கொம்புக்காரர் இருவர் சந்தித்தால் இசையைப் பற்றியா கதைப்பார்கள். ஊதுவாயைப் பற்றித்தான் என்று சிரிப்பார். இப்போதெல்லாம் அகன்ற வாயைத் திருகிக் கழற்றித் தனியே வைக்கும் வகையில் கொம்புகள் செய்கிறார்கள். விமானத்தில் தலைக்கு மேலுள்ள தட்டில் கொம்பு அடங்கவேண்டும் என்பதற்காக. வேட்டைக் குதிரைக்காக வட்டமாக்கியதை விமானத்துக்காக இரண்டாக்கியிருக்கிறார்கள்.

அந்த நண்பர் தெய்வம்போலப் போற்றியவர் டெனிஸ் பிறெயின். 1921இல் லண்டனில் பிறந்தவர். பாட்டனார், தந்தையார், பெரியப்பா எல்லாரும் கொம்புக்காரர். தந்தை ஓப்ரி பிறெயின் ஒடுங்கிய பிரெஞ்சுக் குழலின் மெல்லிய நாதத்தைத் தவிர மற்றெதையும் ஏற்காதவர். மகனும் பழைய றவூ கொம்பிலேயே பேரெடுத்தார். பிரித்தன் 1943இல் இவருக்காகவும் பாடகர் பீட்டர் பியர்ஸுக்காகவும் எழுதிய "செறனேட்" இயற்கைச் சுரங்களால் மட்டும் தொடங்குகிறது. சில சுரங்கள் சுருதி விலகியதுபோல் ஒலிப்பது வேண்டுமென்றே செய்தது. 1951இல் டெனிஸ் ஜேர்மன் அலெக்ஸாண்டர் கொம்புக்கு மாறினார். அகன்ற குழல், பாதுகாப்பான சுரம். தந்தையின் நாதம் போயிற்று என்று முணுமுணுத்தவர்கள் அன்றும் இருந்தார்கள், பழைய இசைத்தட்டுகளை வைத்திருப்பவர்கள் இன்றும் முணுமுணுக்கிறார்கள். அவர் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் றப்பர் குழாயிலும் ஊதிக் காட்டியவர். 1956இல் லண்டனில் நடந்த நகைச்சுவைக் கச்சேரியில், மொஸார்ட்டின் தந்தை எழுதிய கோவையை அந்தக் குழாயில் ஊதிச் சபையைச் சிரிக்க வைத்தார்; சுரம் மட்டும் பிசகவில்லை.

கார் ஓட்டுவதில் அவருக்கு மோகம். ஒத்திகையில் இசைத்தாளுடன் கார்ச் சஞ்சிகையையும் தாங்கியில் வைத்துப் படிப்பார். 1957ஆம் ஆண்டு எடின்பரோ விழாவில் சைக்கோவ்ஸ்கியின் "பதெத்திக்" சிம்பனியை வாசித்து முடித்துவிட்டு, இரவோடிரவாகத் தாமே காரோட்டி லண்டனுக்குப் புறப்பட்டார். செப்டெம்பர் முதலாம் திகதி காலை, வீட்டை அணுகும் வேளையில், ஹற்ஃபீல்டில் கார் பாதையை விட்டு விலகி மரத்தில் மோதியது. அவருக்கு வயது 36. உடன் இருந்த அலெக்ஸாண்டர் கொம்பு நசுங்கிப்போயிற்று. பின்னர் லண்டன் பக்ஸ்மன் நிறுவனத்தார் அதைத் தட்டி நிமிர்த்தி ஒலிக்கச் செய்து, றோயல் இசை அக்கடமியின் காட்சிக்கூடத்துக்கு அது சென்று சேர்ந்தது.